ஆணி இல்லாத தரை

எங்கள் வீட்டுக் கூடம் பதினேழு அடி நீளம், பதினொன்றே கால் அடி அகலம். வீட்டிலேயே பெரிய இடம் அதுதான். ஒன்றரை வருடமாக அந்தக் கூடத்தில் என் மனைவி உட்காராமல் இருந்தாள்.

சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவே ஒரு கதவு உண்டு. அந்த வழியாகவே போய் வந்துகொண்டிருந்தாள். தெருவாசலுக்கு வரவேண்டியிருந்தால் மட்டும் சுவரோரமாகக் கூடத்தைக் கடப்பாள். தொலைக்காட்சியை விட்டுவிட்டாள். முன்பெல்லாம் கூடத்தில் பாய் விரித்து ஜெபம் செய்வோம். அதையும் படுக்கையறைக்கு மாற்றிக்கொண்டோம். யார் மாற்றியது என்று நினைத்துப் பார்த்தால் ஒருவரும் சொல்லி மாற்றியதாக இல்லை.

நான் ஒருமுறை கேட்டேன். "தரை சில்லுனு இருக்குதுங்க. முட்டி புடிச்சிக்குது" என்றாள். அது உண்மைதான். கள்ளக்குறிச்சியில் மார்கழி மாதம் கல்வராயன் மலைப் பக்கமிருந்து வரும் காற்று கூடத்து ஜன்னலில் நேராக அடிக்கும். வீடு கட்டும்போது போட்ட வெள்ளை டைல்ஸ் அந்த மாதத்தில் பாதம் வைக்க முடியாமல் குளிர்ந்துவிடும். அவளுக்கு முட்டித் தேய்மானம். குளிர்ந்த தரையில் உட்கார வேண்டாம் என்று மருத்துவரும் சொல்லியிருந்தார். காரணம் தெரிந்துவிட்டது, இனி செய்ய வேண்டியது தரையை மாற்றுவது என்று நான் முடிவு செய்தேன். நான் நில அளவைப் பிரிவில் வரைபடம் வரைகிறவன். எதையும் அளந்து, எழுதி, ஒரு முடிவுக்கு வந்து பழகியவன். தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவனும் கூட.

மைத்துனனைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். என் மனைவிக்கு ஒரே தம்பி. தாய் இல்லாத பிள்ளையை இவள்தான் தூக்கி வளர்த்தாள். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சிறுநீரகம் கெட்டு, வாரம் இரண்டு முறை இரத்தம் சுத்தம் செய்ய வேண்டியதானபோது எங்களோடு வந்துவிட்டான். கூடத்தில் கிழக்குச் சுவரோரம் கட்டில் போட்டுக் கொடுத்தோம். இரண்டு வருடம் அங்கேயே படுத்திருந்தான். போன வருடத்துக்கு முந்தின ஆடியில், ஒரு மத்தியானம், தூக்கத்திலேயே போய்விட்டான். கட்டிலைப் பிரித்துப் பரண்மேல் போட்டேன். கிழக்குச் சுவரோரம் இடம் அப்படியே இருந்தது.

மூங்கில் தரையை நான் முதலில் பார்த்தது சேலத்தில், ஒரு திருமணத்துக்குப் போய்த் தங்கிய உறவினர் வீட்டில். மூங்கிலைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்து, பசையிட்டு அழுத்தி, பலகையாக்கி விற்கிறார்கள். மழைநாளில் வெறுங்காலோடு நின்று பார்த்தேன். பாதத்தில் குளிர் ஏறவில்லை. ஊர் திரும்பியதும் விசாரிக்க ஆரம்பித்தேன்.

எதிர்வீட்டு அம்மாளுக்கு எப்படியோ செய்தி போய்விட்டது. வாசல் தெளிக்கும்போது என்னை நிறுத்தினார்.

"இன்னா சார், தரைக்கு மூங்கில் போடறீங்களாமே. மலையிலருந்து வெட்டிகினு வராங்களா?"

"இல்லீங்க. கம்பெனில பலகையா செஞ்சி வர்றது."

"நாங்க மூங்கில் போட்டது கோழிக் கூண்டுக்குதான். நீங்க வூட்டுக்குள்ளயே போடறீங்க. படிச்சவங்க செஞ்சா அதுக்கு வேற பேரு" என்று சிரித்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்.

பலகை எதுவென்று முடிவு செய்வது சுலபமாக இருந்தது. அதை எப்படிப் பதிப்பது என்பதில்தான் நாட்கள் போயின. தரை பதிப்பவர் சின்னசேலத்துக்காரர். முப்பத்தைந்து வயது இருக்கும். வேலையை விடப் பேச்சு ஒரு படி மேல். கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தரையில் குந்தி உட்கார்ந்து, மூன்று வழி இருக்கிறது என்றார்.

"ஒண்ணு, ஒட்டறது. தரையில பசையத் தடவி பலகைய அழுத்திட்டா அப்பால அசையாது. ஆனா இந்த டைல்ஸ் மேல பசை நிக்காது சார். டைல்ஸப் பேத்து எடுத்துட்டு சிமெண்ட்டு போட்டு சமம் பண்ணிக்கணும். ரெண்டாவது, ஆணி. பிளைவுட்ட தரையில முடுக்கிட்டு, அதுமேல பலகைய ஆணி அடிக்கிறது. கெட்டின்னா அதான் கெட்டி. மூணாவது, மெதக்க வுடறது."

"மெதக்கவா?"

"பயப்படாதீங்க, கப்பல் மாதிரி ஆடாது. கீழ ஒரு பிளாஸ்டிக் தாள், அதுமேல மெத்துனு ஒரு ஷீட்டு, அதுமேல பலகை. ஒரு பலகையோட நாக்கு இன்னொண்ணோட பள்ளத்துல போயி மாட்டிக்கும். பலகைக்கும் பலகைக்கும்தான் புடிப்பு. தரைக்கும் அதுக்கும் ஒட்டும் கெடையாது ஒறவும் கெடையாது."

"அப்ப நடந்தா சத்தம் வருமே?"

"கொஞ்சம் வரும். டொக்கு டொக்குனு. தரையில மேடு பள்ளம் இருந்தா ஜாஸ்தி வரும். ஒட்டுனா கம்மி. ஆணி அடிச்சா இன்னும் கம்மி."

நான் வாங்க நினைத்த பலகை மூன்று முறைக்கும் பொருந்தும் என்றார். முடிவை எங்களிடம் விட்டுவிட்டுப் போனார்.

தரையில் ஈரம் ஏறுகிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தார். கூடத்தில் நான்கு இடங்களில் பாலிதீன் தாளை விரித்து, ஓரம் முழுவதும் டேப் ஒட்டி இரண்டு நாள் விட்டேன். ஜன்னல் மூலையில் மட்டும் தாளின் அடியில் லேசாக வியர்த்திருந்தது. மற்ற மூன்றும் உலர்ந்திருந்தன. கிழக்குச் சுவரோரம்தான் நன்றாக உலர்ந்த இடம். நீளமான அலுமினியப் பட்டையை வைத்துத் தரையின் மட்டத்தையும் பார்த்தேன். அங்கேதான் டைல்ஸ் நூலளவு இறங்கியிருந்தது. இரண்டு வருடம் கட்டில் கால் நின்ற இடம். அதனால் இறங்கியிருக்காது, ஆரம்பத்திலேயே அப்படித்தான் பதித்திருப்பார்கள்.

யோசித்துப் பார்த்தேன். ஒட்டுவதற்கு டைல்ஸைப் பெயர்க்க வேண்டும். ஒரு வாரம் தூசி. மிதக்க விடுவது என்னால் ஒத்துக்கொள்ள முடியாததாக இருந்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எல்லைக் கற்களோடு பழகியவன் நான். கல் அசைந்துவிட்டால் அதைச் சுற்றி உள்ள எல்லா அளவும் பொய்யாகிவிடும். எதோடும் பிடிப்பில்லாமல் கிடக்கும் தரை மேல் முட்டி வலிக்காரி நடப்பதை நினைத்தாலே சரியாகப் படவில்லை. ஆணிதான் என்று முடிவு செய்தேன்.

மனைவியிடம் மூன்று வழியையும் விவரமாகச் சொன்னேன். அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு எது சரின்னு தோணுது?"

"உங்களுக்கு எது சரியோ அதப் பண்ணுங்க."

"ஆணி அடிச்சா கெட்டியா இருக்கும்."

அவள் அடுத்த பூண்டை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மாசியில் பலகை வந்தது. நான் ஜன்னல் பக்கம் இடம் ஒதுக்கிக்கொண்டிருந்தேன். வண்டிக்காரர் வாசல் கேட்டைத் தட்டி, உள்ளே பார்த்து, "அக்கா, பெட்டி வந்துருக்குது. எங்க எறக்கறது?" என்று சத்தமாகக் கேட்டார்.

சமையலறையில் எதையோ கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அடுப்பை அணைக்கும் சத்தம். பின்கதவு திறந்து மூடியது.

பலகைகள் ஆறடி நீள அட்டைப் பெட்டிகளில் வந்திருந்தன. முன்னால் ஒருவர் பின்னால் ஒருவராகத் தோளில் வைத்து, வாசற்படியில் "பாத்து, பாத்து, தல இடிக்கப் போவுது" என்று சொல்லிக்கொண்டே உள்ளே கொண்டு வந்தார்கள். உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும் என்று பதிப்பவர் சொல்லியிருந்ததால் கிழக்குச் சுவரோரம் அடுக்கச் சொன்னேன். உடனே பதிக்கக் கூடாதாம். "மரம் வூட்டுக்குப் பழகணும் சார். வேற ஊரு காத்துல இருந்துட்டு வருது. கொஞ்ச நாள் சும்மா கெடக்கட்டும்" என்றிருந்தார். பெட்டியின் ஓரங்களை மட்டும் திறந்துவிட்டு அப்படியே வைத்தோம்.

வண்டி போன பிறகு பின்பக்கம் போய்ப் பார்த்தேன். அவள் துணி துவைக்கும் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். துவைக்கத் துணி எதுவும் இல்லை.

"இன்னாம்மா, இங்க உக்காந்துகினு இருக்க?"

"உள்ள புழுக்கமா இருக்குது."

மாசி மாதத்துக்கு அன்று வெயில் அதிகம்தான். நான் அதையும் நம்பினேன்.

அந்தப் பெட்டிகள் இருந்த நாட்களில் அவள் கூடத்தைக் கடக்கவே இல்லை. கீரைக்காரி வந்தால் வீட்டைச் சுற்றி வெளிச் சந்து வழியாக வாசலுக்குப் போனாள். பெட்டியில் கால் இடித்துக்கொள்வோம் என்று பயப்படுகிறாள் போலும் என்று நினைத்து, அவற்றைச் சுவரோடு இன்னும் ஒட்டித் தள்ளி வைத்தேன்.

பதிக்கும் நாள் வந்தது. சின்னசேலத்துக்காரர் காலையிலேயே வந்துவிட்டார். எனக்குக் காட்டுவதற்காக முதலில் ஒரு பிளைவுட் துண்டைத் தரையில் போட்டு, அதன்மேல் இரண்டு பலகையைப் பொருத்தினார். மூங்கில் பலகை இரும்பு மாதிரி இறுகியது, நேராக அடித்தால் ஆணி வளையும் என்று சொல்லி, துளை போட்டு, ஆணியை வைத்து, சுத்தியலால் அடித்தார். மூடிய கூடம். அடி ஒவ்வொன்றும் சுவரில் மோதித் திரும்பியது. முதல் ஆணி இறங்கியது. இரண்டாவது பாதி இறங்கி வளைந்துகொண்டது.

"பாத்தீங்களா, சொன்னன்ல" என்று அதைப் பிடுங்கத் தொடங்கினார். மரத்திலிருந்து ஆணி கிறீச்சிட்டுக்கொண்டே வெளியே வந்தது.

என் மனைவி சமையலறை வாசலில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. கதவின் நிலையை ஒரு கையால் பிடித்திருந்தாள்.

"தம்பி, ஆணி வேணாம்" என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "கொஞ்ச நேரந்தான்கா இந்தச் சத்தம். சாயந்தரத்துக்குள்ள முடிச்சிருவன். வேணும்னா பஞ்சு வெச்சிக்கோங்க காதுல."

"சத்தத்துக்குச் சொல்லல. ஆணியே வேணாம்."

திரும்பி உள்ளே போய்விட்டாள். அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைத் தெருமுனைக் கடையில் டீ குடித்துவிட்டு வரச் சொன்னேன்.

சமையலறையில் அவள் தரையில் உட்காரவில்லை. அரிசி டின்னின் மேல் உட்கார்ந்திருந்தாள். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தேன். என்னவென்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

"அன்னிக்கு நீங்க கல்லறைல இருந்தீங்க."

எனக்குப் புரிந்துவிட்டது.

எங்கள் சொந்தத்தில் பெண்கள் கல்லறைக்கு வருவது இன்னும் பழக்கமாகவில்லை. வீட்டு வாசலோடு நின்றுவிடுவார்கள். அதனால் மற்ற இடங்களைப் போலக் கல்லறையில் கடைசியாக முகம் பார்த்து மூடுவதில்லை. வீட்டிலேயே பெட்டியை மூடி ஆணி அடித்துத்தான் எடுப்பார்கள். மைத்துனனுக்கும் அப்படித்தான். அப்போது நான் அங்கே இல்லை. குழி தோண்டும்போது ஒரு பக்கம் பாறை வந்துவிட்டது, நீளம் போதாது என்று செய்தி வந்ததால் டேப்பை எடுத்துக்கொண்டு முன்னாலேயே கல்லறைக்குப் போயிருந்தேன். பெட்டி வந்து சேர்ந்தபோது மூடி, ஆணி அடித்து, மாலை போட்டிருந்தது. ஆணி அடித்ததை நான் பார்க்கவில்லை, கேட்கவில்லை. அப்படி ஒன்று நடந்தது என்ற நினைப்புகூட எனக்கு வந்ததில்லை.

"எல்லாரும் பாடிகினு இருந்தாங்க. பாட்டுக்கு நடுவுல அடிச்சாங்க" என்றாள். "ஒவ்வொண்ணா எண்ணிகினு இருந்தன். எதுக்கு எண்ணுனன்னு தெரியல. எண்ணிகினே இருந்தா முடியாதுன்னு நெனச்சிகினு இருந்தன் போல. ஒண்ணு வளஞ்சிகிச்சு. அதப் புடுங்கிட்டு வேற அடிச்சாங்க. புடுங்கும்போது இப்ப கேட்டுச்சே, அதே மாதிரிதான் கேட்டுச்சு."

நான் ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டேன்.

"சின்னதுல வெடிச் சத்தம் கேட்டா என் பொடவைக்குள்ள வந்து பூந்துக்குவான். பெருசானப்பறமும் பக்கத்துல எதுனா டமால்னு உழுந்தா மூஞ்சி மாறிடும். அன்னிக்கு அத்தன நெருக்கமா, அவன் மூஞ்சிக்கு மேலயே அடிச்சாங்க."

கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"தரை சில்லுன்னு இருக்கறதும் நெசந்தாங்க. பொய் சொல்லல."

"தெரியும்" என்றேன்.

"அன்னிக்கும் அதே மாதிரிதான் கேட்டாங்க. பெட்டி வந்துருக்குது, எங்க எறக்கறதுன்னு. நான்தான் காட்டுனன், அந்தச் செவுத்தோரமா வைங்கன்னு."

நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து கூடத்தின் கிழக்குச் சுவர் தெரிந்தது. ஆறடிப் பெட்டிகள் நான் சரிபார்த்து அடுக்கிய ஒழுங்கில் அங்கே இருந்தன.

பதிப்பவர் டீ குடித்துவிட்டு வந்தார். ஆணி வேண்டாம் என்றேன். "அப்ப ஒட்டிரலாமா சார்? டைல்ஸப் பேக்கறதுக்கு ஆள் கூட்டிகினு வரணும், உளி சுத்தியலு..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மனைவி மறுபடி வாசலில் வந்து நின்றாள். "இன்னொண்ணு சொன்னீங்களாமே, அது எப்படி?" என்றாள்.

அவர் மிதக்க விடும் முறையை அவளுக்கு முதலிலிருந்து சொன்னார். அவள் இரண்டே கேள்வி கேட்டாள்.

"பழைய தரைய ஒடைக்கணுமா?"

"ஒடைக்க வேணாம்கா. அது பாட்டுக்கு அடியில அப்படியே இருக்கும். இது மேல சும்மா படுத்துகினு இருக்கும். நாளைக்கே வேணாம்னாலும் கழட்டி எடுத்துட்டா பழைய தரை அப்படியே இருக்கும்."

"அடிக்கணுமா?"

"மாட்டறதுக்கு லேசாத் தட்டணும். இதான்." ரப்பர் சுத்தியை எடுத்து, ஒரு மரக்கட்டையை வைத்துத் தட்டிக் காட்டினார். ஈரத் துணியைத் தரையில் போட்டது போல ஒரு சத்தம். "இதுவும் ஆவாதுன்னா கையாலயே தள்ளிப் பாக்கறன். நேரம் ஆவும், அவ்ளோதான்."

"அது பரவால்ல" என்றாள். "அதையே போடுங்க."

நான் மறுத்துப் பேசவில்லை. எல்லைக் கல் ஞாபகமும் வரவில்லை.

பலகைகளை வெளியே எடுத்ததும் நான் செய்த முதல் வேலை அட்டைப் பெட்டிகளைக் கிழித்ததுதான். நீளமாக மடித்து வைத்தால் பழைய பொருள் எடுப்பவருக்கு வசதி. ஆனாலும் பிளேடால் ஒவ்வொன்றையும் முழம் அளவுக்குத் துண்டாக வெட்டிக் கட்டி, அவள் வெளியே வருவதற்குள் தெருவில் கொண்டு போய் வைத்தேன்.

பதிப்பவர் அன்று அதிகம் பேசவில்லை. விஷயம் அவருக்குத் தெரியாது, நான் சொல்லவும் இல்லை. பிளாஸ்டிக் தாளை விரித்து ஓரங்களைச் சுவரில் சற்று ஏற்றிவிட்டார். ஜன்னல் மூலையில் இரட்டையாக விரித்தார். அதன்மேல் மெல்லிய ஷீட். பிறகு மேற்குச் சுவரிலிருந்து பலகை பலகையாக மாட்டிக்கொண்டே வந்தார். நான்கு சுவரோரமும் விரற்கடை இடம் விட்டார். மழைக்காலத்தில் மூங்கில் உப்பும், இடம் இல்லாவிட்டால் நடுவில் தூக்கிக்கொள்ளும் என்பதால் அந்த இடைவெளி. அதை மறைக்க ஓரப்பட்டை. அதையும் ஆணி இல்லாமல் சுவரில் ஒட்டச் சொன்னேன். இரண்டு நாள் ஆயிற்று.

முடித்துவிட்டு அவரே கூடம் முழுவதும் நடந்து பார்த்தார். கிழக்குச் சுவரோரம் வந்ததும் காலடிச் சத்தம் மாறியது. கொஞ்சம் உள்ளீடற்ற சத்தம். டைல்ஸ் இறங்கியிருந்த இடம். "அன்னிக்கே சொன்னீங்க சார், நான்தான் ஷீட்டு சமாளிச்சிக்கும்னு நெனச்சன். நாளைக்கு வந்து பிரிச்சி, அடியில ரொப்பிட்டு மாட்டிக் குடுத்துடறன்" என்றார். சரி என்றேன்.

அன்று சாயங்காலம் நான் கூடத்தில் இருந்தேன். கேட்டைச் சாத்திவிட்டு வரப் போனவள் திரும்பும்போது சுவரோரமாக வராமல் கூடத்தின் நடுவே வந்தாள். செருப்பில்லாத கால். பாதத்தை முழுதாக ஊன்றி, ஒவ்வோர் அடியாக நடந்தாள். கிழக்குச் சுவரோரம் போனதும் நின்றாள். முன்னங்காலால் மெதுவாகத் தட்டிப் பார்த்தாள்.

"இங்க மட்டும் சத்தம் வேறயா இருக்குது."

"அடியில கொஞ்சம் பள்ளம். நாளைக்கு வந்து பிரிச்சி சரி பண்றேன்னு சொல்லியிருக்காரு."

அவள் யோசித்தாள். "வேணாங்க. இருக்கட்டும்."

சமையலறையிலிருந்து முறத்தையும் கீரைக் கட்டையும் எடுத்துக்கொண்டு வந்தாள். சுவரைப் பிடித்து, முட்டியை மெல்ல மடக்கி, அந்த இடத்திலேயே உட்கார்ந்தாள். முருங்கைக் கீரை. காம்பிலிருந்து இலையை உருவி முறத்தில் போட ஆரம்பித்தாள். நான் நாற்காலியிலிருந்து இறங்கி அவளுக்கு எதிரில் உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்துக்கொண்டேன். தரை குளிரவில்லை.

கட்டு பாதி முடிந்திருந்தபோது, தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"எறக்கும்போது எங்கனா இடிச்சுதாங்க?"

இத்தனை நாளும் இதை அவள் யாரிடமும் கேட்டதில்லை. கேட்கக் கூடியவன் நான் ஒருவன்தான். பக்கத்திலேயே இருந்திருக்கிறேன்.

"இடிக்கல" என்றேன். "பாறை இருந்த பக்கம் செதுக்க வெச்சேன். நானே உள்ள எறங்கி அளந்து பாத்தேன். தலமாட்டுல ஒரு சாண், கால்மாட்டுல ஒரு சாண் எடம் இருந்துச்சு. கயிறு போட்டு ரெண்டு பக்கமும் சமமா எறக்குனாங்க. சாயல."

"சத்தம்?"

"ஒரு சத்தமும் இல்ல. மண்ணு மேல போயி உக்காந்துச்சு, அவ்ளோதான்."

அவள் கையில் இருந்த கொத்தை உருவி முடித்தாள். காம்பைத் தனியே வைத்தாள்.

"கீழ ஈரம் இருந்துச்சா?"

"இல்ல. காஞ்ச மண்ணு."

"ஆடி மாசம்" என்று தனக்குள் சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னாள். பிறகு அடுத்த கொத்துக்குக் கையை நீட்டினாள். நான் எடுத்துக் கொடுத்தேன்.